மினுங்காத சப்பாத்து

அழகைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் முகத்திலே தொடங்கி ஆடையோடு நின்றுவிடுவர். பாதம்வரை இறங்கி வருவோர் சிலரே. ஆயினும், ஒரு குடும்பம் தன் பெண்பிள்ளையைப் பற்றி என்ன எண்ணுகின்றது, அவள் எவ்வளவு தூரம் நடக்கவேண்டுமென்று விரும்புகின்றது என்பவற்றை, அவளுக்கு வாங்கிக்கொடுக்கும் சப்பாத்திலிருந்து ஓரளவு அறிந்துகொள்ளலாம். 2024ஆம் ஆண்டில் யாழ்ப்பாண நகரின் கடைத்தெருவிலே மூன்று தலைமுறைப் பெண்கள் மூவர் ஒரு சோடி வெள்ளைச் சப்பாத்துக்காக அலைந்த கதை இதற்கு ஒரு சான்று.

அவர்கள் நகரை அண்டிய கரையோரக் கிராமமொன்றைச் சேர்ந்த கத்தோலிக்கக் குடும்பத்தினர். பேத்திக்கு ஒன்பது வயது. அடுத்த மாதம் அவளுக்கு முதல் நன்மை. வெள்ளைச் சட்டையைத் தாய் தானே தைத்துவிட்டாள். அயல்வீட்டுப் பிள்ளைகளின் சட்டைகளைத் தைத்தே குடும்பச் செலவில் பாதியை ஈடுசெய்பவளுக்கு அது பெரிய காரியமன்று. தலைக்கு முக்காடும் பூமுடியும் மூத்தவளுடையவை இருந்தன. எஞ்சியிருந்தது சப்பாத்து ஒன்றே. அதற்காக ஒரு பின்னேரம் அம்மம்மா, தாய், பிள்ளை என மூவரும் பஸ்ஸேறி நகருக்கு வந்தனர்.

பின்னேரத்தைத் தெரிந்தெடுத்தவள் தாய். நாள் முழுதும் நடந்தும் நின்றும் திரிந்த பாதம் மாலையில் சற்றே பருத்திருக்கும். காலையில் அளவாயிருந்த சப்பாத்து மாலையில் இறுக்கும். இதனை அவள் நூலிலே படித்தவளல்லள். துணியை உடலுக்கு அளந்து வெட்டுபவளுக்கு, உடல் ஒருபோதும் ஒரே அளவில் நிற்பதில்லை என்பது தொழில் தந்த அறிவு.

முதற் கடையின் கண்ணாடித் தட்டுகளிலே பெண்பிள்ளைகளின் சப்பாத்துகளுக்குக் குறைவிருக்கவில்லை. வெள்ளித்தூள் பூசியவை, கண்ணாடிக் கற்கள் ஒட்டியவை, மூக்கிலே வண்ணத்துப்பூச்சி குந்தியிருப்பவை, அடியெடுத்து வைக்குந்தோறும் குதியில் சிவப்பும் நீலமுமாக விளக்கெரிபவை, வளர்ந்த பெண்களின் சப்பாத்தைச் சுருக்கியதுபோல் ஒன்றரை அங்குலக் குதியுடையவை என அவை வரிசை வரிசையாக இருந்தன. மினுங்காத ஒன்றைத் தாய் கேட்டபோது கடைப்பெடியன் சற்றுத் திகைத்தான்.

“அக்கா, இப்ப பிள்ளையளுக்கு இதுகள்தான் ஓடுது. சும்மா வெள்ளையெண்டால் பெடியளுக்குத்தான் பாக்கவேணும்.”

பையன்களின் பக்கத்திலே எளிமையான சப்பாத்துகள் இருந்தன. ஓடவும் உதைக்கவும் ஏற்றவை. பெண்பிள்ளைகளின் பக்கத்திலே பார்ப்பதற்கு ஏற்றவை இருந்தன. ஒரே கடையின் இரண்டு சுவர்கள், ஒரே வயதுப் பிள்ளைகளிடம் இருவேறு வாழ்க்கைகளை எதிர்பார்த்து நின்றன எனலாம்.

இவளுடைய பாதத்தின் அளவும் தேடலை மேலும் கடினமாக்கிற்று. ஆங்கில அளவுமுறையிலே ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்குமிடையே அங்குலத்தின் மூன்றிலொரு பங்கு, அஃதாவது ஏறத்தாழ எட்டரை மில்லிமீற்றர் வேறுபாடு உண்டு. சிறுவர்க்கான எண்கள் 13உடன் முடிவடைந்து, மீண்டும் 1இலிருந்து தொடங்குகின்றன. இவளுடைய பாதம் அந்தப் 13ஐக் கடந்து புதிய 1இல் வந்து நின்றது. எண்ணின்படி அவள் வளர்ந்தோரின் வரிசையிலே காலடி வைத்துவிட்டாள். வயதின்படி இன்னும் மூன்றாந் தர நான்காந் தரப் பிள்ளை. குழந்தைகளின் தட்டிலே அவளுடைய அளவில் எதுவும் இல்லை. அவளுடைய அளவு தொடங்கும் தட்டிலோ குதி உயர்ந்துவிடுகின்றது, முனை கூர்ந்துவிடுகின்றது. பெண்பிள்ளையின் குழந்தைப்பருவம் சப்பாத்துக்கடையிலே ஓர் எண்ணோடு முடிந்துவிடுவதை அன்றுதான் தாய் கவனித்தாள்.

பாதமோ அவ்வளவு விரைவாக முதிர்ந்துவிடுவதில்லை. வளர்ந்த மனிதனின் ஒரு பாதத்தில் 26 எலும்புகள் உள்ளன. பிள்ளையின் பாதத்திலே அவற்றின் பகுதிகள் இன்னும் குருத்தெலும்பாகவே இருந்து, பதின்ம வயதுகளிலேயே முற்றாக இறுகுகின்றன. குதி உயரும்போது உடலின் பாரம் முன்பாதத்துக்குச் சரிகின்றது. விரல்கள் ஒடுங்கிய முனைக்குள் தள்ளப்படுகின்றன. வளரும் பாதத்துக்கு வேண்டியவை அகன்ற முன்பகுதி, தட்டையான அடி, விரல்கள் மடியும் இடத்திலே தானும் மடியும் இயல்பு, நெடுவிரலுக்கு முன்னே ஒரு பெருவிரலகல இடைவெளி, பாதம் வழுவாமல் பிடிக்கும் ஒரு வார் என்பனவே. இவற்றுள் ஒன்றேனும் மினுங்கவேண்டிய தேவையில்லை.

வாரும் வட்டமுனையுமுடைய அந்தப் பழைய வடிவத்துக்கு ஒரு வரலாறும் உண்டு. அமெரிக்காவில் ரிச்சர்ட் அவுட்கோல்ற் என்னும் ஓவியர் 1902இல் தொடங்கிய பஸ்ரர் பிறவுண் என்ற பத்திரிகைச் சித்திரக்கதையிலே வந்த சிறுமியின் பெயர் மேரி ஜேன். 1904இல் சென்ற் லூயிஸ் நகரில் நடந்த உலகக் கண்காட்சிக் காலத்தில் அக்கதைமாந்தரின் பெயர்களைப் பயன்படுத்தும் உரிமையைச் சப்பாத்து நிறுவனமொன்று பெற்றது. வார்ச்சப்பாத்துக்கு அச்சிறுமியின் பெயரே நிலைத்துவிட்டது. அக்கதையிலே அத்தகைய சப்பாத்தை அணிந்தவன் பஸ்ரர் என்ற சிறுவனுந்தான் என்பது கவனிக்கத்தக்கது. அன்று அது பெண்பிள்ளைக்குரியதோ ஆண்பிள்ளைக்குரியதோ அன்று, பிள்ளைக்குரியது.

தாய் எளிமையை நாடியதற்குச் சிக்கனமும் ஒரு காரணம். 2022 செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி இந்நாட்டின் பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதத்தைத் தொட்டது. அதன்பின் பணவீக்கம் இறங்கியது. ஏறிய விலைகள் ஏறிய இடத்திலேயே பெரும்பாலும் நின்றுவிட்டன. ஒருநாள் விழாவுக்கென்று ஒரு சோடியும் பள்ளிக்கூடத்துக்கென்று மற்றொரு சோடியும் வாங்குவது அக்குடும்பத்துக்கு இயலாதது. கல்லும் தூளும் இல்லாத வெள்ளைச் சப்பாத்தாயின், முதல் நன்மைக்கு மறுநாளே பள்ளிச் சீருடையோடும் அதனை அணியலாம்.

இதனைக் கேட்டவுடன் அம்மம்மாவின் முகம் மாறிற்று. இரண்டாவது கடையிலே, வெள்ளி மணிகளாலான பூ வைத்த ஒரு சோடியை அவர் ஏற்கெனவே கையில் எடுத்துவிட்டிருந்தார்.

“பள்ளிக்கூடச் சப்பாத்தோட பிள்ளையைப் பீடத்துக்கு அனுப்பப் போறியோ? இல்லாத வீட்டுப் பிள்ளையெண்டு ஊருக்குக் காட்டவேணுமே?”

இக்கேள்வியை முதியவளின் ஆடம்பரமென்று ஒதுக்கிவிடுவது எளிது, நியாயமன்று. அவர் சிறுமியாயிருந்த காலத்தில் வீட்டிலே எவருக்கும் சப்பாத்து இருக்கவில்லை. கரைமணல் சுடும்போது நிழலுக்கு நிழல் பாய்ந்து பள்ளிக்கூடம் சென்றவர் அவர். எளிமை என்பது, இருப்பவர் தாமே தெரிந்தெடுக்கும்போது பண்பாகின்றது. இல்லாதவர்மீது சுமத்தப்படும்போது இழிவாகின்றது. மினுக்கத்தை வெறுப்பதற்கும் ஒரு வசதி வேண்டும். அவ்வசதி அவருக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை. அவர் கையிலிருந்த வெள்ளிப்பூ, அவருடைய கணக்கிலே, நெடுங்காலக் கடனொன்றின் தீர்வு.

அக்கடனுக்கு ஒரு திகதியும் உண்டு. 1995ஆம் ஆண்டிலே இதே வயதில் மகளுக்கு முதல் நன்மை வரவிருந்தபோது, அம்மம்மா சீட்டுப்பணம் எடுத்து அவளுக்கு வெள்ளிப்பூ வைத்த, குதியுயர்ந்த ஒரு சோடி வாங்கினார். ஒக்ரோபர் 30ஆந் திகதி வலிகாமத்து மக்கள் அனைவரும் வெளியேறவேண்டுமென்று ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டது. அன்றிரவு பல இலட்சம் மக்கள் மழையிலே தென்மராட்சியை நோக்கி நடந்தனர். மூட்டையிலே இடமில்லாமையால் புதுச் சப்பாத்து மகளின் காலிலேயே போயிற்று. நாவற்குழிப் பாலத்து நெருக்கத்திலே சப்பாத்து தொலைந்துவிட்டது என்பதே அம்மம்மா அறிந்த கதை. சில மாதங்களின் பின் தென்மராட்சியில் கிடுகுக் கொட்டிலொன்றிலே நடந்த பூசையில் மகள் வெறுங்காலுடன் முதல் நன்மை வாங்கினாள். அந்த வெறுங்கால்களை அம்மம்மா இருபத்தொன்பது ஆண்டுகளாக மறக்கவில்லை.

கடையின் வாங்கிலே பிள்ளைக்கு அந்த வெள்ளிப்பூச் சப்பாத்தை மாட்டினர். அவள் எழுந்து நான்கடி நடந்தாள். ஐந்தாவது அடியில் கணுக்கால் மடங்கித் தாயின் தோளைப் பிடித்தாள். நன்றாயிருக்கிறதா என்று கேட்டதற்கு, அம்மம்மாவின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, “வடிவாயிருக்கு” என்றாள். நோகின்றதா என்று எவரும் கேட்கவில்லை. ஆதலால் அவளும் சொல்லவில்லை. பெண்பிள்ளைகள் இந்த வித்தையை எவ்வளவு இளமையில் கற்றுவிடுகின்றனர்!

தாய் குனிந்து வாரைக் கழற்றினாள். குதிக்கு மேலே தோல் சிவந்திருந்தது. அவள் நிமிராமலே பேசினாள்.

“அம்மா, அந்தச் சப்பாத்து ரண்டும் துலையேல்லை. அரியாலை தாண்டேக்கையே கால் பொக்களிச்சுப் போச்சு. கழட்டிக் கையிலைதான் வைச்சிருந்தனான். பாலத்திலை சனம் இடிச்சதிலை ஒண்டுதான் விழுந்தது. மற்றதை நான்தான் தண்ணிக்கை எறிஞ்சனான்.”

கடைப்பெடியன் வேறு பெட்டியொன்றை எடுக்கும் பாவனையில் அப்பால் சென்றான். அம்மம்மா நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

“ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“நீங்கள் ஆசையா வாங்கினது.”

அம்மம்மா கையிலிருந்த வெள்ளிப்பூவைத் தட்டிலே திரும்ப வைத்தார். தாம் வாங்கிக்கொடுத்தது தொலைந்ததாலேயே பிள்ளை வெறுங்காலோடு நின்றாளென்று அவர் இவ்வளவு காலமும் வருந்தியிருந்தார். வெறுங்கால் அன்று பிள்ளைக்கு ஆறுதலாயிருந்தது என்பது அவர் எண்ணிப்பார்த்திராத செய்தி. மகளும் அன்றுதான் ஒன்றை விளங்கிக்கொண்டிருக்கவேண்டும்: நோவை மறைப்பது அன்புக்குச் செய்யும் மரியாதையென்று தான் நம்பியிருந்ததை, இப்போது தன் பிள்ளை எவரும் சொல்லிக்கொடாமலே செய்துகொண்டிருக்கின்றாள்.

மூன்றாவது கடை பஸ் நிலையத்துக்கு அண்மையிலிருந்த சிறிய கடை. கண்ணாடித் தட்டில் ஒன்றும் அகப்படவில்லை. கடைக்கார முதியவர் தேவையைப் பொறுமையாகக் கேட்டபின் ஏணி வைத்து மேற்பரணிலிருந்து தூசி படிந்த பெட்டியொன்றை இறக்கினார். வெள்ளை நிறம், வட்ட முனை, தட்டையான றப்பர் அடி, ஒற்றை வார், சிறிய கொளுக்கி. வேறொன்றும் இல்லை. பிள்ளையை எழுந்து நிற்கவைத்து, பாரம் இறங்கிய பாதத்தின் முன்னே தம் பெருவிரலை அழுத்திப் பார்த்தார். இரு பாதங்களிலும் பெரியது எதுவென்று பார்த்து அதற்கு அளவு சொன்னார். பின்னர் பிள்ளையிடமே கேட்டார்.

“எங்கையெண்டாலும் கடிக்குதோ, பிள்ளை? உண்மையைச் சொல்லவேணும்.”

பிள்ளை கடை வாசல்வரை நடந்தாள், திரும்பும்போது ஓடிவந்தாள். பதில் அதுவே.

விலையைத் தாய் கொடுத்தாள். அம்மம்மா மடியிலிருந்த கைலேஞ்சியை அவிழ்த்து, ஓரத்திலே மெல்லிய பின்னல் வைத்த ஒரு சோடி வெள்ளை மேசு தருமாறு தனியே கேட்டார். “இதாவது வாங்கலாம்தானே?” என்று அவர் கேட்டபோது அதனை மறுக்க மகளுக்கு மனம் வரவில்லை. மறுக்கவேண்டிய காரணமும் இருக்கவில்லை. பின்னல் எவரையும் நடக்கவிடாமல் தடுப்பதில்லை.

முதல் நன்மை நாளன்று வழமைபோலப் பெரியவர்கள் செருப்புகளைக் கோயில் வாசலிலே கழற்றிவிட்டு உள்ளே சென்றனர். பிள்ளைகள் மட்டும் சப்பாத்தோடு இரண்டிரண்டு பேராகப் பீடத்தை நோக்கி நடந்தனர். உயர்ந்த குதிகள் சீமெந்துத் தரையிலே ஒலியெழுப்பின. சில பிள்ளைகள் கீழே பார்த்துப் பார்த்து அடி வைத்தனர். இவளுடைய அடிகள் ஓசையின்றிச் சென்றன. அவள் கீழே பார்க்கவில்லை. அவளுடைய சப்பாத்தை எவரும் பார்த்ததாகவும் தெரியவில்லை. நல்ல சப்பாத்துக்கு அதைவிடப் புகழ் வேண்டியதில்லை.

பூசை முடிந்தபின் படம் பிடிப்பதற்காக அவளைத் தேடியபோது காணவில்லை. கோயிற் பின்வளவிலே, வெள்ளைச் சட்டையைக் கையிலே தூக்கிப் பிடித்தபடி, பெடியன்களோடு ஓடிக்கொண்டிருந்தாள். தாய் அதட்டுவதற்கு வாயெடுத்தாள்.

“விடு பிள்ளை, ஓடட்டும்” என்றார் அம்மம்மா.