சேற்றில் கற்ற பாடம்

பௌதிக வகுப்பில் ஆசிரியர் கரும்பலகையில் வரைந்து காட்டியும் என் உள்ளத்திற் பதியாத விஷயமொன்று, சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் வால்பாறை மலைப்பாதையில் நன்கு பதிந்தது. மாணவ நண்பர்களுக்குப் பயன்படுமெனக் கருதி அதனை ஈண்டு எழுதலானேன்.

எனது சிறிய தந்தையார் அம்மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் உத்தியோகம் வகிப்பவர். அவரிடம் நான்கு சக்கரங்களும் இழுக்கும் பழைய ஜீப் ஒன்று உண்டு. அதன் டயர்கள் தேய்ந்து மொட்டையாகிவிட்டன. மாற்ற வேண்டுமென ஓட்டுநர் பன்முறை கூறியிருந்தார். விடுமுறைக்குச் சென்ற யானோ, "நாற்சக்கர இயக்கமுள்ள வண்டிக்குப் போகவொண்ணாத இடமுண்டோ? அப்பணத்தில் முன்புறம் பெரிய விளக்குகள் பூட்டலாமே" என்று யோசனை கூறினேன். அவரும் இசைந்தார்.

அன்று மாலையே ஒரு தொழிலாளியின் குழந்தைக்குக் கடுஞ்சுரம் கண்டது. தாயையும் சேயையும் ஏற்றிக்கொண்டு மழையில் மருத்துவமனைக்குப் புறப்பட்டோம். மூன்று கிலோமீட்டர் செல்லுமுன் ஜீப் ஒரு பள்ளத்தில் கோணலாய் நின்றுவிட்டது. முன்புறத்து இடச் சக்கரமும் பின்புறத்து வலச் சக்கரமும் சேற்றில் வீணே சுழன்றன. கெட்டித் தரையில் நின்ற மற்றை இரண்டும் அசையவில்லை.

டிஃபரென்ஷியலின் இயல்பு அப்பொழுதுதான் எனக்கு விளங்கிற்று. இரு சக்கரங்களுக்கும் இடைத்தூரம் நாலரை அடியாயின், கால்வட்டத் திருப்பத்தில் வெளிச்சக்கரம் உட்சக்கரத்தினும் 7 அடி மிகுதியாக ஓடவேண்டும். அதற்கு இடந்தரும் அப்பற்சக்கரத் தொகுதி, முறுக்கு விசையை இரு புறமும் சமமாகப் பங்கிடுகிறது. நல்ல சாலையில் இது நன்மையே. சேற்றிலோ, வழுக்குஞ் சக்கரம் எவ்வளவு சிறிய விசையை ஏற்குமோ அவ்வளவே பிடிப்புள்ள சக்கரத்திற்கும் கிட்டும்.

"தம்பி, முதலில் காற்றை இறக்குவோம்" என்றார் ஓட்டுநர். 30 பவுண்டு அழுத்தத்தை 18 ஆகக் குறைத்ததும் டயர்கள் தரையில் அகலப் படிந்தன. சுழன்ற சக்கரங்களின் கீழ்க் கற்களை இட்டோம். அவர் பிரேக்கை மெல்ல மிதித்தவாறே ஆக்ஸிலரேட்டரை அழுத்தினார். சுழன்ற சக்கரம் தடைபட, நின்ற சக்கரத்திற்கு விசை சென்று, வண்டி மேலேறிற்று. இதற்குள் முக்கால் மணி கழிந்தது. அவ்வளவு நேரமும் அத்தாய் ஒரு சொல்லும் உரைக்கவில்லை. அவள் முகத்தை நோக்க எனக்குத் துணிவும் இல்லை. இறையருளால் மறுநாள் குழந்தையின் சுரம் தணிந்தது.

"அண்ணா, டிஃபரென்ஷியலுக்கு லாக் பூட்டியிருந்தால் இத்துன்பம் நேர்ந்திராதே?" என்று பின்னர் வினவினேன்.

"லாக் இரு சக்கரங்களையும் ஒன்றாய்ப் பிணைக்கும், தம்பி. அப்பொழுது முழு விசையும் ஒரு பக்கத்து ஆக்ஸில் தண்டின்மேலேயே விழக்கூடும். தண்டு நைந்திருந்தால் முறிந்துபோகும். அளவுக்கு மிஞ்சிய பெரிய டயரும் அதற்குப் பாரமே. கெட்டிச் சாலையில் லாக்கை விடுவிக்காமல் திருப்பினால் டயர் தேயும், ஸ்டியரிங்கும் எளிதில் திரும்பாது. ஓடையைக் கடந்தால் ஆக்ஸில் எண்ணெயைப் பாருங்கள். பால்போல் வெளுத்திருந்தால் நீர் புகுந்ததென்று பொருள், உடனே மாற்றவேண்டும். தார்ச்சாலை சேர்ந்ததும் காற்றை மீண்டும் நிரப்பவேண்டும். குறைந்த காற்றில் விரைந்தோடினால் டயர் சூடேறிக் கெடும். ஆகையால் முதலில் டயர், அடுத்து ஆக்ஸில், கடைசியில்தான் லாக்" என்றார்.

மறுவாரமே ஆழ்ந்த வெட்டுக்களுள்ள புதிய டயர்கள் நான்கு வந்தன. அவற்றைப் பூட்டுகையில் யானும் உடனிருந்து கைகொடுத்தேன். விளக்குகளைப்பற்றி நான் பின்பு வாய்திறக்கவில்லை.