இரவில் மட்டும் கொதிக்கும் கார்

நவம்பர் 9, சனி

மேட்டுப்பாளையத்திலிருந்து கிளம்பும்போதே இருட்டத் தொடங்கிவிட்டது. கல்லாறு தாண்டியதும் ஹெட்லைட்டைப் போட்டேன். பர்லியாரில் ஹீட் மீட்டர் முள் பாதியைக் கடந்திருந்தது. காட்டேரி பார்க் வருவதற்குள் சிவப்பில் போய் நின்றது. ஓரங்கட்டி பானட்டைத் தூக்கினேன். ஆவி இல்லை. ஓவர்ஃப்ளோ குழாயில் ஒரு சொட்டு இல்லை. கொதித்த வண்டிக்கென்று ஒரு வாடை உண்டே, அதுவும் இல்லை.

ஆனாலும் ரேடியேட்டர் மூடியைத் தொடவில்லை. குன்னூர் உயரத்தில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். அழுத்தத்தைப் பிடித்துவைத்து அதைக் கொதிக்கவிடாமல் காப்பது அந்த மூடிதான், குக்கர் வெயிட் போல. சூட்டில் திறந்தால் முகத்தில்தான் அடிக்கும். அரை மணி நேரம் மழைச்சாரலில் நின்றேன். 1986 மாடல் டீசல் கார். ஹெட் கேஸ்கெட் போயிருந்தால் என்ன செலவாகும் என்று மனசு கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தது.

நவம்பர் 10, ஞாயிறு

பகலில் கோத்தகிரி போய் வந்தேன். முள் நடுவிலேயே நின்றது, உத்தமன் மாதிரி.

நவம்பர் 11, திங்கள்

மெக்கானிக் தம்பி கேட்டவுடனே சொல்லிவிட்டார்: "தெர்மோஸ்டாட்டக் கழட்டி எறிஞ்சிரலாங்க சார். அப்புறம் ஹீட்டே ஆகாது."

இந்த வைத்தியத்தை முப்பது வருஷமாகக் கேட்டு வருகிறேன். ஹீட் ஆகாதுதான், ஆக வேண்டிய அளவுக்கும் ஆகாது, அதுதான் சிக்கல். என் வண்டியின் தெர்மோஸ்டாட் 82 டிகிரியில் திறக்கும். அதுவரை தண்ணீரை ரேடியேட்டர் பக்கம் விடாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றவைக்கும். டீசல் இன்ஜின் ஏற்கெனவே மெதுவாகச் சூடேறும் ஜாதி. ஐட்லிங்கில் விட்டால் வீணாகிற வெப்பம் குறைவு என்பதால் குன்னூர்க் காலையில் கால் மணி நேரம் ஓடினாலும் வெதுவெதுப்போடு நிற்கும். இதில் தெர்மோஸ்டாட்டையும் கழற்றினால் புகை தள்ளும், எரியாத டீசல் சிலிண்டர் சுவரில் உள்ள ஆயிலைக் கழுவிவிடும். மலை இறங்கும்போது முள் விழுவதைக்கூடச் சிலர் கோளாறு என்கிறார்கள். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் டீசல் போவதில்லை. இன்ஜின் வெறும் குளிர்காற்றை இழுத்து வெளியே விடுகிறது. முள் விழத்தான் செய்யும்.

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். தம்பிக்கு வருத்தம்.

நவம்பர் 12, செவ்வாய்

கொரோனா காலத்தில் வாங்கிய, நெற்றியில் காட்டிச் சூடு பார்க்கும் துப்பாக்கி வீட்டில் இருக்கிறது. இன்ஜினிடம் காட்டினால் எண்ணே வராது. மனிதக் காய்ச்சல்தான் அதற்கு எல்லை. தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் நண்பரிடம் டிரையருக்கு வைத்திருக்கும் துப்பாக்கியை இரவல் வாங்கினேன். பளபளக்கும் அலுமினியத்தில் அதைக் காட்டக் கூடாது, குறைத்துச் சொல்லும். கறுப்பு ரப்பர் ஹோஸில் காட்ட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்.

ராத்திரி லைட்டைப் போட்டு ஒரு சுற்று போய் ஷெட்டில் நிறுத்தினேன். முள் சிவப்பில். மேல் ஹோஸில் துப்பாக்கியைப் பிடித்தேன்: 84. இன்னொரு தடவை: 85. இன்ஜினுக்கு ஒன்றுமில்லை. பொய் சொல்கிறவன் வேறு எங்கோ இருக்கிறான்.

நவம்பர் 13, புதன்

சென்சாரிலிருந்து ஒயரைப் பிடுங்கினேன். முள் அடிமட்டத்துக்கு இறங்கியது. ஒயரை இன்ஜின் பாடியில் தொட்டேன். முள் மெதுவாக எழுந்து சிவப்பை நோக்கிப் போனது. உடனே எடுத்துவிட்டேன், அதிக நேரம் வைத்தால் மீட்டர் காயில் கருகும். ஆக, மீட்டரும் அதுவரை வரும் ஒயரும் உயிரோடு இருக்கின்றன.

அடுத்து சென்சார். வண்டி ஆறிய பிறகு கழற்றி, அடுப்படியில் பாத்திரத்துத் தண்ணீருக்குள் முனையை மட்டும் தொங்கவிட்டு மல்டிமீட்டரை மாட்டினேன். சூடு ஏற ஏற இதன் ரெசிஸ்டன்ஸ் இறங்க வேண்டும். பச்சைத் தண்ணீரில் 600 ஓமுக்கு மேல் காட்டியது, கொதிக்கும்போது 50 பக்கம் வந்தது. எங்கும் குதிக்காமல், படியிறங்குகிற மாதிரி. அதுவும் யோக்கியன்.

"ஏங்க, அது பால் காய்ச்சுற பாத்திரம்" என்றாள் மனைவி. இன்றைய ஒரே உருப்படியான கண்டுபிடிப்பு அதுதான்.

மாட்டும்போது மரையில் டெஃப்லான் டேப் சுற்றவில்லை. ஒற்றை ஒயர் சென்சாருக்கு அந்த மரைதான் எர்த்.

நவம்பர் 14, வியாழன்

மாலை பங்கில் டீசல் போடலாமா என்று மீட்டரைப் பார்த்தேன். கால் டேங்குக்கும் கீழே. வரிசை நீளமாக இருந்ததால் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று லைட்டைப் போட்டுக் கிளம்பினேன். வீட்டு வாசலில் மறுபடி பார்க்கிறேன், அரை டேங்க் காட்டுகிறது!

ஓடிய வண்டியில் டீசல் ஊறுமா? லைட்டை அணைத்துவிட்டு, இன்ஜினை ஓடவிட்டு உட்கார்ந்தேன். இரண்டு முள்ளும் சேர்ந்தாற்போல இறங்கின. லைட்டைப் போட்டேன், சேர்ந்தாற்போல ஏறின. அரை நிமிஷத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு, அவ்வளவு நிதானமாக. மீட்டருக்குள் இருப்பது சூடானால் வளையும் இரட்டை உலோகப் பட்டை. சுவிட்சுக்கும் முள்ளுக்கும் உள்ள உறவை அந்த நிதானம்தான் இத்தனை நாள் மறைத்துவிட்டது.

டீசல் முள்ளுக்கும் ஹீட் முள்ளுக்கும் பொதுவாக ஒரு சின்ன டப்பா மீட்டர் பலகைக்குப் பின்னால் இருக்கிறது. வோல்டேஜ் ஸ்டெபிலைசர். பேட்டரியிலிருந்து வருவதை விட்டு விட்டுக் கொடுத்து, சராசரியாக 10 வோல்ட்டாக்கி இரண்டு மீட்டருக்கும் அனுப்பும். வெட்டிவிடுகிற வேலையைச் செய்வது அதற்குள் இருக்கும் ஒரு ஹீட்டர் காயில். அந்தக் காயிலுக்கு எர்த் சரியில்லை என்றால் வெட்டுவது தாமதமாகும், மீட்டர்களுக்குக் கூடுதல் வோல்டேஜ் போகும், இரண்டு முள்ளும் பொய்யாக ஏறும். டேஷ்போர்டு பல்புகளுக்கும் அதே எர்த். லைட்டைப் போட்டால் அந்த மெலிந்த வழியில் பல்பு கரண்டும் நெருக்கியடித்து வரும். காயிலுக்கு மிச்சம் இன்னும் குறைவு.

நவம்பர் 15, வெள்ளி

மீட்டர் பலகையை வெளியே இழுக்க ஒன்றரை மணி நேரம். விரல் முட்டியில் இரண்டு சிராய்ப்பு. பின்னால் கறுப்பு எர்த் ஒயரின் வளையம், பச்சைக் களிம்பு பிடித்து, தொட்டவுடன் கையோடு வந்தது. ஐப்பசி ஈரம் இங்கே எந்தச் செம்பையும் விட்டுவைப்பதில்லை. உப்புத்தாளால் பாடியைத் தேய்த்து, புது ஒயர் போட்டு, வளையத்தின் மேல் கொஞ்சம் வாசலின் தடவினேன். ஒயருக்கும் வளையத்துக்கும் சேர்த்து நாற்பது ரூபாய். ஸ்டெபிலைசரில் ஒரு சின்ன பல்பை மாட்டிப் பார்த்தேன். ஒழுங்காக விட்டு விட்டு எரிந்தது.

இருட்டிய பிறகு லைட்டைப் போட்டு லவ்டேல் வரை போனேன். ஹீட் முள் நடுவை விட்டு அசையவில்லை. டீசல் முள் அடிக்கோட்டில் நின்றது, அதுவும் அசையவில்லை. திரும்பும் வழியில் அருவங்காடு தாண்டி வண்டி நின்றுவிட்டது. இந்தத் தடவை மீட்டர் சொன்னது நிஜம்.