ஓடுபாதை 36

2003 மார்ச் 30, ஞாயிறு இரவு. சிகாகோவில் மெக்ஸ் ஃபீல்டு என்ற சிறிய விமான நிலையத்துக்குள் புல்டோசர்கள் நுழைந்தன. மேயர் ரிச்சர்ட் டேலியின் உத்தரவு. விடிவதற்குள் ஓடுபாதையின் நடுவே பெரிய பெரிய பெருக்கல் குறிகளாகத் தோண்டிப் போட்டுவிட்டார்கள். அங்கே நிறுத்தியிருந்த சிறு விமானங்கள் கிளம்ப வழியில்லாமல் மாட்டிக்கொண்டன. பிற்பாடு ஓடுபாதைக்குப் பக்கத்திலிருந்த இணைப்புப் பாதையிலிருந்து அவற்றை எழுப்பிக் கொண்டுபோனார்கள். முன்னறிவிப்பு இல்லாமல் மூடியதற்காக நகர நிர்வாகத்துக்கு 33,000 டாலர் அபராதம் விழுந்தது. மேயருக்கு அது டீச்செலவு மாதிரி.

இந்தச் செய்தியைப் படித்து வயிறு எரிந்தவர்களில் நானும் ஒருவன். சிகாகோவுக்கு நான் போனதே கிடையாது. ஆனால் அந்த ஓடுபாதையின் தென்கோடியில் வடக்கு பார்த்து நின்றால் வலப்பக்கம் மிச்சிகன் ஏரி, இடப்பக்கம் முன்னால் சியர்ஸ் டவர், அதைத் தாண்டி ஜான் ஹான்காக் கட்டடம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். என்னைப் போல உலகம் முழுக்க ஆட்கள் உண்டு. மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் என்ற கம்ப்யூட்டர் விளையாட்டின் பல பழைய பதிப்புகளை எந்த ஊரில் யார் திறந்தாலும் முதலில் வந்து நிற்கும் இடம் அதுதான். 1982 நவம்பரில் வந்த முதல் பதிப்பிலேயே தொடங்கிய வழக்கம் அது.

அந்த ஊரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் தேடி அலைய வேண்டாம். விளையாட்டை எழுதிய புரூஸ் ஆர்ட்விக், சிகாகோ இருக்கிற அதே இல்லினாய் மாநிலத்தின் பல்கலைக்கழகத்தில் படித்தவர். பறக்கும் விமானத்திலிருந்து தெரியும் காட்சியைக் கம்ப்யூட்டரில் வரைந்து காட்டுவதுதான் 1975இல் அவர் செய்த ஆய்வு. பிறகு சப்லாஜிக் என்று கம்பெனி ஆரம்பித்து, ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்கு வெறும் கோடுகளாலான ஒரு விமான விளையாட்டை விற்றார். அதைப் பார்த்துத்தான் மைக்ரோசாஃப்ட் ஐபிஎம் பிசிக்கு ஒன்று கேட்டு வாங்கியது. 4.77 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிற பெட்டியில் நகரம், ஏரி, ஒரு செஸ்னா விமானம். மற்ற கம்பெனிகள் செய்த பிசி அசல் ஐபிஎம்மோடு ஒத்துப்போகிறதா என்று சோதிக்க லோட்டஸ் 1-2-3ஐயும் இந்த விளையாட்டையும் ஓட்டிப் பார்ப்பார்களாம். இரண்டும் ஓடினால் பெட்டி பாஸ்.

நான் அதைப் பார்த்தது நான்காவது பதிப்பில், 1992இல், திருச்சி தில்லைநகரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில். செருப்பை வெளியே விட்டுவிட்டுப் போகவேண்டிய ஏசி அறை. நாங்கள் போனது டிபேஸ் படிக்க. சார் சாப்பிடக் கிளம்பியதும் சீனியர் அண்ணன் ஒருவர் சட்டைக்குள்ளிருந்து ஒரு 1.2 எம்பி ஃப்ளாப்பியை எடுப்பார். அது காசு கொடுத்து வாங்கிய சரக்கு இல்லை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அதனால் கையேடும் இல்லை. எந்தச் சாவியை அழுத்தினால் என்ன நடக்கும் என்று யாரோ கையால் எழுதி, அதை ஜெராக்ஸ் எடுத்து, அந்த ஜெராக்ஸை இன்னொருவர் ஜெராக்ஸ் எடுத்து, ஓரமெல்லாம் கறுத்துப்போன ஒரு தாள் மட்டும் கைமாறிக்கொண்டே இருந்தது. சக்கரத்தை உள்ளே இழுக்க எந்தச் சாவி என்ற வரி மடிப்பில் விழுந்து அழிந்திருந்தது. ரொம்ப நாள் சக்கரத்தைத் தொங்கவிட்டுக்கொண்டே சிகாகோவைச் சுற்றினோம்.

மானிட்டர் அம்பர் கலர். கறுப்பில் மஞ்சள், அவ்வளவுதான். ஹெர்குலிஸ் கார்டு போட்ட அந்தத் திரையில் ஏரியும் நீலமில்லை, வானமும் நீலமில்லை. எது தண்ணீர், எது தரை என்பதை நாமே முடிவு செய்துகொள்ள வேண்டும். சத்தமும் கிடையாது. மாணவர்கள் பீப் பீப் என்று அடிக்கிறார்கள் என்று எல்லாப் பெட்டியிலும் ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கி வைத்திருந்தார்கள். எஞ்சின் சத்தத்தை அண்ணன் வாயாலேயே கொடுப்பார். விமானம் ஏறும்போது சுருதி ஏறும்.

அந்த ஃப்ளாப்பிகளில் ஒன்று என்னிடம் இன்னும் இருக்கிறது. உறையைப் பிரித்தால் வட்டில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை. பூஞ்சை இல்லாவிட்டாலும் ஐந்தேகால் அங்குல டிரைவுக்கு எங்கே போவது? விளையாட்டின் கோப்புகளை வேறொருவரிடமிருந்துதான் வாங்கினேன். மொத்தமும் சேர்ந்து இன்றைய செல்போனில் எடுத்த ஒரு ஃபோட்டோ அளவுகூட இல்லை.

அதை ஓட்டத்தான் டாஸ்பாக்ஸ். 2002இலிருந்து கிடைக்கிற இலவச எமுலேட்டர் இது. பழைய இன்டெல் சிப், கிராபிக்ஸ் கார்டு, ஸ்பீக்கர், டாஸ் எல்லாவற்றையும் தானே நடித்துக் காட்டும். லேப்டாப்பில் ஒரு ஃபோல்டரைக் காட்டி, இதுதான் உன் சி டிரைவ் என்று ஒரு வரி அடித்தால் நம்பிவிடும். கறுப்புத் திரையில் அந்தச் சி மினுக்கியபோது எனக்கு ஏசி அறையின் வாசனை வந்தது. அதன் பிறகு செய்ததெல்லாம் நேர்மாறான வேலை. மற்றவர்கள் எமுலேட்டரை முடுக்கப் பார்ப்பார்கள். நான் அதை மெதுவாக்க உட்கார்ந்தேன்.

டாஸ்பாக்ஸின் செட்டிங்ஸ் கோப்பில் சைக்கிள்ஸ் என்று ஒரு வரி உண்டு. சிப் எவ்வளவு வேகமாக நடிக்கவேண்டும் என்பதற்கான எண். அதை அதிகபட்சத்தில் விட்டால் விமானம் வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போகிறது. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் அது நான் ஓட்டிய விமானம் இல்லை. தில்லைநகரின் 286 கம்ப்யூட்டரில் விமானத்தைச் சாய்த்தால் அடிவானம் ஒரு வெட்டு வெட்டிச் சாயும், நிற்கும், இன்னொரு வெட்டு. அந்த இடைவெளிக்குள் அடுத்து எங்கே இருப்போம் என்று கணக்குப் போட்டுக் கை போகும். கன்ட்ரோலும் எஃப் 11உம் சேர்த்து அழுத்தினால் சைக்கிள்ஸ் குறையும், எஃப் 12 என்றால் ஏறும். ஓடிக்கொண்டிருக்கும்போதே குறைத்துக்கொண்டு வந்தேன். 3,000 பக்கம் வந்தபோது அடிவானம் வெட்ட ஆரம்பித்தது. இன்னும் கொஞ்சம். அதோ, அதேதான். அசல் பெட்டியின் வேகம் உண்மையில் எவ்வளவு என்று அளக்க என்னிடம் இருப்பது கை ஞாபகம் ஒன்றுதான், அது ஒப்புக்கொண்டது.

அடுத்தது திரை. இன்றைய அகல மானிட்டரில் அந்தக் காலப் படம் இழுத்துக்கொண்டு, விமானத்தின் வட்ட முள்ளுக் கடிகாரங்களெல்லாம் முட்டை வடிவில் நிற்கும். ஆஸ்பெக்ட் என்ற வரியை ஆமாம் என்று மாற்றினால் பழைய 4:3 அளவுக்குத் திரும்பும். மெஷின் என்ற வரியில் ஹெர்குலிஸ் என்று அடித்தேன். கலர் போய்விட்டது. எஃப் 11ஐ மட்டும் தனியாக அழுத்தினால் வெள்ளை, பச்சை, அம்பர் என்று திரையின் சாயம் மாறும் என்பது அப்போதுதான் தெரிந்தது. இதை எழுதிய புண்ணியவான் யாரோ, எங்கேயோ உட்கார்ந்துகொண்டு, அம்பர் மானிட்டருக்காக ஏங்குகிற ஒருவன் வருவான் என்று ஒரு சாவியையே ஒதுக்கிவைத்திருக்கிறார். கும்பிடத் தோன்றியது.

சிக்கல் கீபோர்டில். இந்த விளையாட்டில் கைப்பிடி என்பது நம்பர் பேடு: 8 மூக்கைக் கீழே தள்ளும், 2 மேலே இழுக்கும், 4உம் 6உம் இடம் வலம், 5 நேராக்கும். என் லேப்டாப்பில் நம்பர் பேடே இல்லை. கன்ட்ரோலும் எஃப் 1உம் அழுத்தினால் டாஸ்பாக்ஸ் ஒரு கீபோர்டு படத்தைக் காட்டும். அதில் எந்தச் சாவியை எதற்கு வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். எழுத்துச் சாவிகளில் மாற்றிப் பார்த்தேன், விரல் கேட்கவில்லை. கடைசியில் யுஎஸ்பியில் செருகும் தனி நம்பர் பேடு ஒன்றை, கடைக்காரர்கள் பில் போட வைத்துக்கொள்வார்களே அதை, வாங்கிவந்தேன். நடுவிரல் 5இல் உட்கார்ந்ததும் மற்ற விரல்கள் தாமாக இடம் பிடித்தன.

ஸ்பீக்கர் சத்தம் என்று ஒரு வரி இருக்கிறது. அதை அணைத்துவிட்டேன். அந்தச் சத்தத்தை நான் அந்தக் காலத்தில் கேட்டதில்லை, இப்போது கேட்டுப் பழகி என்ன ஆகப்போகிறது?

எல்லாம் சரியாக அமைந்தது. ஓடுபாதை 36, தூரத்தில் மஞ்சள் கோடுகளாக சிகாகோ. கிளப்பினேன், ஏறினேன், வலப்பக்கம் ஏரிப்பக்கம் திருப்பினேன். ஒன்றும் நடக்கவில்லை. பறந்தது விமானம், எனக்குள் ஒன்றும் நடக்கவில்லை என்கிறேன். காரணம் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. 1992இல் அந்தக் கோடுகளுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஏரி என்றால் எவ்வளவு பெரிசு, அக்கரை தெரியுமா, அந்தக் கட்டடத்தில் யார் இருக்கிறார்கள், ஓடுபாதை ஓரத்தில் புல்லா மணலா, எதுவும் தெரியாது. முக்கொம்பை வைத்து ஏரியையும், மலைக்கோட்டையை வைத்து ஜான் ஹான்காக்கையும் நானே கட்டிக்கொண்டேன். இப்போது எல்லாம் தெரியும். மெக்ஸ் இருந்தது ஏரியைத் தூர்த்து உண்டாக்கிய நார்தர்லி தீவில். 1933இல் அங்கே உலகப் பொருட்காட்சி நடந்தது. நிலையம் திறந்தது 1948 டிசம்பரில். ஓடுபாதை சுமார் 3,900 அடி. செயற்கைக்கோள் படத்தைப் பெரிசாக்கிப் பெரிசாக்கி மரத்தை எண்ணியிருக்கிறேன். டாஸ்பாக்ஸ் கம்ப்யூட்டரின் வயதைக் குறைத்துத் தருகிறது. எனக்குத் தெரிந்ததைக் குறைக்க அதில் வரி இல்லை.

இந்த விஷயத்தில் புதிய சிமுலேட்டர்காரர்கள் மேல் எனக்கு ஒரு மனத்தாங்கல். 2020 பதிப்பில் முழுப் பூமியும் இருக்கிறது. தில்லைநகர் மேலேயே பறக்கலாம். முதல் பதிப்பின் நாற்பதாவது ஆண்டுக்காக 2022இல் வெளியிட்ட சிறப்புப் பதிப்பில், மெக்ஸ் ஃபீல்டைத் திரும்பக் கட்டியும் கொடுத்தார்கள். கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் கண்ணாடி மின்னுகிறது, ஏரியில் அலை அடிக்கிறது. ரொம்ப நன்றாகச் செய்திருக்கிறார்கள். நான் போட்டுக்கொள்ள இடம் ஒரு அங்குலம்கூட மிச்சம் வைக்கவில்லை.

எங்கள் செட்டில் ஒருவன் மட்டும் நிஜமாகவே சிகாகோ பக்கம் வேலைக்குப் போய்ச் சேர்ந்தான். போனது 1998இல், மெக்ஸ் உயிரோடு இருந்த காலம். போய்ப் பார்த்தாயா என்று ஒவ்வொரு போனிலும் கேட்பேன். இந்த சம்மரில் போகிறேன், அடுத்த சம்மரில் போகிறேன் என்பான். இடித்த பிறகுதான் போனான்.

"என்னடா இருக்கு அங்க?"

"புல்லுடா. புல்லு, நடக்கிறதுக்குப் பாதை, கச்சேரி மேடை ஒண்ணு. நீ சொன்ன மாதிரி வடக்கப் பாத்து நின்னேன்."

"அப்புறம்?"

"குளிருச்சு. வந்துட்டேன்."

அவனிடம் எனக்கு எரிச்சல்தான். நின்றதற்குப் பதில் கொஞ்சம் ஓடியாவது பார்த்திருக்கலாம்.

போன மாதம் அக்கா மகள் லீவுக்கு வந்திருந்தாள். பத்தாவது படிக்கிறாள். அம்பர் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மாமா, இன்னும் லோட் ஆகலையா?" என்றாள். லோட் ஆகிவிட்டது, இதுதான் என்றேன். "இது என்ன கோடு?" கட்டடம். "இது?" ஏரிக்கரை. "நம்பவே முடியல" என்று சொல்லிக்கொண்டே நம்பர் பேடைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள். எந்தச் சாவி எதற்கு என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஓடுபாதையை விட்டு இறங்கி, மறுபடி ஏறி, எப்படியோ கிளப்பி, நேராக ஹான்காக்கில் கொண்டுபோய் மோதினாள். திரும்பத் தொடங்கினாள். ஏரியில் விழுந்தாள். "மாமா, இது தண்ணியா? நான் ரோடுன்னு நினைச்சேன்."

அவள் இருந்த வாரம் முழுக்க லேப்டாப் என் கைக்கு வரவில்லை. ஒரு நோட்டுத் தாளில் சாவிகளைக் கண்டுபிடித்துக் கண்டுபிடித்து எழுதிக்கொண்டிருந்தாள். பாதிக்கு எதிரே கேள்விக்குறி. சக்கரத்துக்கான சாவி அதில் இல்லை. ஊருக்குப் போகும்போது அந்தத் தாளையும் ஃபோல்டரை ஏற்றிய பென்டிரைவையும் எடுத்துக்கொண்டு போனாள். சைக்கிள்ஸ் எண்ணை மட்டும் மாற்றாதே என்று சொல்லி அனுப்பினேன். மாற்றியிருப்பாள்.