முதல் வில்

யட்டவத்த மலைச்சரிவிலே எங்கள் லயத்தின் பின்புறத்தில் சிறியதொரு மரவள்ளித் தோட்டம் இருந்தது. 1978ஆம் ஆண்டின் மழைக்காலத்து ஓரிரவிலே காட்டுப்பன்றிகள் அதிற் பாதியை உழுதுவிட்டுப் போயின. அக்கிழங்கை நம்பியே எங்கள் இராச் சாப்பாடு நடந்தது. துவக்கு வாங்க வகையில்லை; கட்டுத்துவக்கு வைத்தால் பன்றிக்கு வைத்த குறியில் அயல்வீட்டுப் பிள்ளை விழக்கூடும். ஆகவே, பன்னிரண்டு வயதில், வில்லொன்று வேண்டுமெனத் தீர்மானித்தேன்.

வல்வில் ஓரியின் ஒற்றை அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் துளைத்ததாக வன்பரணர் பாடியதை ஆசிரியர் கதையாகச் சொல்லியிருந்தார். அவ்வரிசையிற் பன்றியும் இருந்தமை எனக்குப் பெருநம்பிக்கை தந்தது.

கையிலிருந்தவை நாலு ரூபாய். அம்புமுனைக்கென லொறியின் பழைய வில்தகட்டுத் துண்டொன்றைக் கொல்லரிடம் கொடுத்து, வேண்டிய வடிவத்தை வாழையிலையிற் கீறிக் காட்டினேன். மூன்று ரூபாய் கேட்டார். கண்டி இராச்சியத்திற் பத்தொன்பது ஆண்டுகள் சிறையிருந்த ரொபட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலை நான் படித்தது மிகப் பிற்காலத்தில். வேடர் இரவிலே கொல்லன் பட்டறையில் இறைச்சியைத் தொங்கவிட்டு, அம்பின் வடிவில் வெட்டிய இலையையும் அருகில் வைத்துச் செல்வர் என்று அதில் எழுதியிருக்கிறார். அவர்களுக்கு முனையின் விலை இறைச்சி. எனக்கு மூன்று ரூபாய்.

வில்லுக்கு எஞ்சியது ஒரு ரூபாய். அடுத்த லயத்துக் கிழவர் அதையும் வாங்கவில்லை. முற்றிய மூங்கிலைப் பிளந்து, தோற்புறம் வெளியே நிற்கும்படி வளைத்தார். நார் நெருக்கம் அப்புறத்திலேயே அதிகம், வளையும்போது இழுபடுவதும் அதுவே. அவ்வாறு இரண்டு வில்கள் செய்தார். ஒன்று தடித்தது, என்னால் அதன் நாணை ஒரு சாண்கூட இழுக்க முடியவில்லை. மெல்லியதை மரக்கிளையிற் கட்டித் தொங்கவிட்டு, நாணில் வாளியைக் கொளுவி, என் கை இழுக்கும் தூரத்துக்கு அது இறங்கும்வரை தண்ணீர் ஊற்றினார். எல்லாமாக எட்டுக் கிலோ இருக்கலாம்.

“இது எலிக்கு ஆகும் பேராண்டி, பன்றிக்கு ஆகாது. பெரிய வில்லை வைத்துக்கொள். மூன்று வருஷம் இழுத்துப் பழகு.”

அவர் சொன்னதன் கணக்கு பின்னரே விளங்கிற்று. அம்பு அடியின் வேகத்தாற் கொல்வதில்லை. உள்ளே அறுத்து இரத்தம் வடியச் செய்தே கொல்கிறது. அதற்கு அது ஆழமாகப் போகவேண்டும். பன்றியின் தோளிலோ கேடயம்போலத் தடித்த தோல். மான்வேட்டைக்கே பதினெட்டுக் கிலோ அளவு இழுவிசை வேண்டுமென அமெரிக்க மாநிலங்கள் சில விதித்திருக்கின்றன. ஆனால் மூன்று வருஷத்துக்கு மரவள்ளி காத்திருக்குமா? நான் மெல்லியதை எடுத்துக்கொண்டேன்.

நாலாம் இரவு, நிலவில், பத்தடித் தூரத்தில் நின்ற பன்றியின் தோளில் அம்பு தைத்தது. அதன் அலறலில் லயமே விழித்துக்கொண்டது. வீட்டார் என்னை மெச்சினர்.

இரண்டு கிழமைக்குப் பின் குடிநீர் எடுக்கும் ஓடையில் நாற்றம் எழுந்தது. கிழவரும் நானும் மேலேறிச் சென்றோம். நீருக்குள் தலைவைத்துக் கிடந்தது. தோளில் முறிந்த அம்பு, புண் முழுவதும் புழு. மெலிந்து எலும்பாகியிருந்தது. இறைச்சி எவருக்கும் உதவவில்லை. கிழவர் முனையைத் தோண்டியெடுத்து, மணலில் தேய்த்துக் கழுவி, என் உள்ளங்கையில் வைத்தார். விரலின் ஒரு கணு ஆழந்தான் அது உள்ளே போயிருந்தது.