மதுக்கரை டு சிகாகோ... வழி நியூயார்க், வாஷிங்டன்!

அமெரிக்கான்னா உங்களுக்கு முதல்ல என்ன ஞாபகம் வரும்? மேகத்தை இடிக்கற பில்டிங், மஞ்சள் டாக்ஸி, சீனியர்கள் போடற பனிமழை போட்டோ... இதுதானே? கூடவே, "முதல்ல எம்.எஸ்., அடுத்து வேலை, அப்புறம் ஜாலியா ஊர் சுத்தலாம்"னு ஒரு பிளானும் இருக்கும். அந்த "அப்புறம்" இருக்கே, அதுதாங்க வில்லன்! என் நண்பனுக்கு அது வேலை போனதுக்கு அப்புறம்தான் வந்துச்சு.

நாங்க ரெண்டு பேருமே மதுக்கரைக்காரங்க. கோயமுத்தூர்ல இருந்து பாலக்காடு போற ரோட்டுல சிமென்ட் ஃபேக்டரி ஒண்ணு வருமே, அந்த ஊருதான். ஒரே ஸ்கூல், ஒரே டவுன் பஸ், ஒரே கடைசி பெஞ்ச். பயபுள்ள வீட்டுப் பத்திரத்தை பேங்குல வெச்சு எம்.எஸ். படிக்கப் போனான். படிச்சு முடிச்சதும் நியூஜெர்சியில வேலை. ஹெச்-1பி விசாவும் குலுக்கல்ல விழுந்துச்சு. மூணு வருஷமா ரூம், ஆபீஸ், மறுபடி ரூம். மன்ஹாட்டனுக்கு ரயில்ல ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆனா கடன் அடைக்கணுமே! "அப்புறம் பாத்துக்கலாம்"னு விட்டுட்டான்.

திடீர்னு ஆபீஸ்ல ஆள்குறைப்பு. ஹெச்-1பியில இருக்கறவங்களுக்கு வேலை போச்சுன்னா அதிகபட்சம் 60 நாள்தான் அவகாசம். அதுக்குள்ள வேற கம்பெனி உங்களுக்காக மனு போடணும், இல்லாட்டி நீங்க வேற விசாவுக்கு மாறணும், ரெண்டும் இல்லாட்டி மூட்டை கட்டணும்.

ஆபீஸ் வேலையா அங்க போயிருந்த நான், ஒரு வாரம் லீவு போட்டு அவன் ரூமுக்குப் போனப்ப அவனோட கணக்குல 41-வது நாள். நூத்துக்கணக்குல ரெஸ்யூம் அனுப்பியும் பதில் இல்ல. ஊர்ல அம்மாவுக்கு இன்னும் விஷயம் தெரியாது. "அஞ்சு வருஷமாச்சு மாப்ள. சுதந்திர தேவி சிலையை ஃப்ளைட் ஜன்னல்ல பாத்ததோட சரி. வா, பாத்துட்டாவது போலாம்"னான். ரெண்டே கண்டிஷன். காசு கரையக் கூடாது. லேப்டாப் கூடவே வரணும், இன்டர்வியூ எப்ப வேணா வரலாம்!

ஓசி கப்பல்ல சுதந்திர தேவி

மன்ஹாட்டனோட தெக்கு முனைல ஸ்டேட்டன் ஐலண்டுக்கு ஒரு ஃபெர்ரி போகுது. பெரிய ஆரஞ்சு கலர் கப்பல். 1997-ல இருந்து டிக்கெட்டே கிடையாது. 25 நிமிஷப் பயணத்துல, வலது பக்கம் நின்னா சுதந்திர தேவி கையைத் தூக்கி நமக்கே டாட்டா காட்டற மாதிரி இருக்கும்!

பிரான்ஸ் நாடு குடுத்த பரிசு அது. 1886-ல திறந்தாங்க. பீடத்தோட சேர்த்து உயரம் 93 மீட்டர். மேல தெரியறது செம்புத் தகடு. உள்ளே தாங்கற இரும்புக்கூடு, பாரிஸ்ல ஈஃபிள் டவர் கட்டினாரே, அதே ஈஃபிளோட டிசைன். பீடத்துக்குள்ள கான்கிரீட். "அடியில எங்க ஊரு சரக்குதான்டா!"ன்னு நண்பன் சவுண்டு விட, பக்கத்துல நின்ன பாட்டி பயந்து ரெண்டடி தள்ளிப் போயிட்டாங்க.

சிலைக்குப் பக்கத்துலயே எல்லிஸ் தீவு தெரியும். 1892-ல இருந்து 1954 வரைக்கும் கப்பல்ல வந்த ஒரு கோடியே 20 லட்சம் பேருக்கு மேல அங்கதான் பரிசோதனை பண்ணி உள்ளே விட்டாங்க. யார் மேலயாவது சந்தேகம் வந்தா, கோட்டு மேல சாக்பீஸ்ல ஒரு எழுத்து போடுவாங்களாம். அந்த எழுத்து விழுந்துட்டா மறுபடி தனியா பரிசோதனை. தேறாதவங்களுக்கு ரிட்டர்ன் கப்பல். கொஞ்ச நேரம் அந்தத் தீவையே பாத்துட்டிருந்த நண்பன், "நமக்கு சாக்பீசுக்குப் பதிலா ஈ-மெயில்ல வருது"ன்னான்.

பாலத்தைக் கட்டின அம்மிணி

அடுத்து புரூக்ளின் பாலம். இதுக்கும் டிக்கெட் இல்ல, நடந்தே கடக்கலாம். சிவில் ஸ்டூடன்ட்ஸ், இந்தக் கதையைக் கொஞ்சம் கவனிங்க.

பாலத்தை டிசைன் பண்ணின ஜான் ரோப்ளிங் வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே, 1869-ல விபத்துல அடிபட்டு இறந்துட்டார். மகன் வாஷிங்டன் ரோப்ளிங் பொறுப்பெடுத்தார். ஆத்துக்கு அடியில அழுத்தக் காத்து நிரப்பின பெட்டிக்குள்ள இறங்கி அஸ்திவாரம் தோண்டினதுல அவரும் நோய் வந்து படுத்த படுக்கையாயிட்டார். அவரோட மனைவி எமிலி என்ன பண்ணினாங்க தெரியுமா? கேபிள் கணக்கு, இரும்போட பலம்னு எல்லாத்தையும் தானே படிச்சுக்கிட்டு, பத்து வருஷத்துக்கு மேல தினமும் சைட்டுக்குப் போய் இன்ஜினீயர்களை வேலை வாங்கினாங்க. 1883-ல பாலம் திறந்தப்ப முதல்ல கடந்தவங்கள்ல எமிலியும் ஒருத்தர். பொண்ணுங்க இன்ஜினீயரிங் படிக்கறதே ரொம்ப அபூர்வமா இருந்த காலம்ங்க அது!

ராத்திரி சாப்பாட்டுக்கு 7-ம் நம்பர் ரயிலைப் பிடிச்சு குவீன்ஸ் பக்கம் ஃப்ளஷிங் போனோம். அங்க பௌன் தெருவுல 1977-ல கும்பாபிஷேகம் நடந்த பிள்ளையார் கோயில் இருக்கு. கோயிலுக்குக் கீழ கேன்டீன். மசால் தோசை, ஃபில்டர் காபி! தெருவுக்குப் பேரு குடுத்த ஜான் பௌன் யாருன்னா, வேற பிரிவைச் சேர்ந்தவங்களைத் தன் வீட்டுல பிரார்த்தனை பண்ண விட்டதுக்காக 1662-ல கைதானவர். அவர் பேர்ல இருக்கற தெருவுல நம்ம பிள்ளையார் உக்காந்திருக்கறது பொருத்தம்தானே? 2022-ல அந்தத் தெருவுக்கு "கணேஷ் டெம்பிள் ஸ்ட்ரீட்"னு கூடுதலா இன்னொரு பேரும் வெச்சாங்க.

தோசை பாதியில இருக்கறப்பவே போன்ல டிங்... மூணு நாள் கழிச்சு ஒரு இன்டர்வியூ! பிள்ளையாருக்கு ஒரு எக்ஸ்ட்ரா கும்பிடு.

தலைநகரம், ஆனா காசு வேண்டாம்

நியூயார்க்ல இருந்து வாஷிங்டனுக்கு பஸ்ல நாலரை மணி நேரம். ஊருக்கு நடுவுல நீளமா ஒரு புல்வெளி. அதுக்கு ரெண்டு பக்கமும் ஸ்மித்சோனியன் மியூசியங்கள். எல்லாமே ஃப்ரீ. ஜேம்ஸ் ஸ்மித்சன்னு ஒரு இங்கிலாந்து விஞ்ஞானி. "அறிவை வளர்க்க ஒரு அமைப்பு வேணும்"னு தன் சொத்தை அமெரிக்காவுக்கு எழுதி வெச்சார். 1846-ல அமைப்பு உருவாச்சு. இதுல தமாஷ் என்னன்னா, அந்த மனுஷன் வாழ்நாள்ல ஒரு தடவைகூட அமெரிக்காவுல கால் வெச்சதில்ல!

ஏர் அண்ட் ஸ்பேஸ் மியூசியத்துல 1903-ல ரைட் சகோதரர்கள் பறக்க விட்ட அதே விமானம் நிக்குது. முதல் தடவை அது பறந்தது 12 செகண்ட், 36 மீட்டர் தூரம். நம்ம காலேஜ் கிரவுண்டுல பாதி தூரம்கூட இல்லீங்க! அதே பில்டிங்ல, 1969-ல நிலாவுக்குப் போன மூணு பேரையும் திருப்பிக் கூட்டிட்டு வந்த அப்போலோ-11 கூண்டும் இருக்கு. நடுவுல 66 வருஷம்தான் இடைவெளி.

சாயங்காலம் லிங்கன் நினைவகம். 1963 ஆகஸ்ட் 28-ல மார்ட்டின் லூதர் கிங் தன்னோட கனவைப் பத்திப் பேசினப்ப நின்ன இடத்தை படிக்கட்டுல செதுக்கி வெச்சிருக்காங்க. அதே கிங் 1959-ல இந்தியா வந்தப்ப நம்ம கன்னியாகுமரிக்கும் போயிருக்கார். அந்தக் கல்லு மேல நின்னா, எதிர்ல நீளமான தண்ணித் தடாகம், தூரத்துல வாஷிங்டன் நினைவுத் தூண். நாங்க போனப்ப ஒரு ஸ்கூல் பட்டாளமே வரிசையில நின்னு, ஒவ்வொரு வாண்டும் அந்தக் கல்லு மேல ஏறி ஒரு வார்த்தை கத்திட்டு இறங்குச்சு.

இன்டர்வியூ நாள் வந்துச்சு. ஹாஸ்டல்ல எட்டு பேர் படுக்கற ரூம், அங்க எப்படிப் பேசறது? கிங் பேர்லயே ஊருக்கு நடுவுல பெரிய பொது நூலகம் இருக்கு. வாசல்ல யாரும் விசாவும் கேக்கல, காசும் கேக்கல. இலவச வைஃபைல உக்காந்து ஒண்ணரை மணி நேரம் பேசிட்டு வெளியே வந்தான். "நல்லாத்தான் பண்ணினேன் மாப்ள"ன்னான். குரல்ல சந்தோஷமும் இல்ல, பயமும் இல்ல.

காத்து ஊரு

வாஷிங்டன்ல இருந்து சிகாகோவுக்கு ராத்திரி ரயில். பதினேழு பதினெட்டு மணி நேரம். நம்ம ஊரு ஸ்லீப்பர் க்ளாஸ் மாதிரி பெர்த்தை நெனச்சுட்டுப் போகாதீங்க, கம்மி டிக்கெட்டுல சாயற சீட்டுதான்!

இறங்கினதும் முகத்துல அறைஞ்சது காத்து. சிகாகோவுக்கு "காத்து நகரம்"னு பட்டப்பேரு. அது ஏரிக்காத்தால வரல, அந்தக் காலத்து அரசியல்வாதிங்களோட வாய்ச்சவடாலால வந்ததுன்னும் சொல்றாங்க. மதுக்கரைக்காரங்களுக்குக் காத்து புதுசா என்ன? பாலக்காட்டுக் கணவாய் வழியா ஆடி மாசம் வர்ற காத்துல காயப்போட்ட வேட்டியைத் தேடி பக்கத்துத் தெரு வரைக்கும் ஓடினவங்க நாங்க.

1871-ல ஊரோட ஒரு பெரிய பகுதி தீயில எரிஞ்சுபோச்சு. அந்தச் சாம்பல்ல இருந்து எழுந்தப்பதான் 1885-ல பத்து மாடியில இரும்புச் சட்டம் போட்டு ஒரு பில்டிங் கட்டினாங்க. உலகத்தோட முதல் வானளாவின்னு பொதுவா அதைத்தான் சொல்றாங்க. ஆத்தோரமா மெரினா சிட்டின்னு 1960-கள்ல கட்டின ரெட்டை கான்கிரீட் கோபுரம் நிக்குது. 65 மாடி, அப்படியே மக்காச்சோளக் கதிர் ரெண்டை நட்டு வெச்ச மாதிரி. கீழ 19 மாடி பூராவும் கார் நிறுத்தத்தான்!

அப்புறம் வில்லிஸ் டவர். பழைய பேரு சியர்ஸ் டவர். 110 மாடி, 442 மீட்டர். 1970-கள்ல இருந்து 1998 வரைக்கும் உலகத்துலயே உயரமான பில்டிங். 103-வது மாடியில கண்ணாடிப் பொட்டிக்குள்ள நின்னு கீழ பாக்கலாம். டிக்கெட் விலையைப் பாத்தோம், கீழ இருந்தே கும்பிட்டுட்டோம்! ஆனா அதைத் தாங்கற ஐடியா யாரோடதுன்னு தெரிஞ்சுக்கங்க. ஃபஸ்லூர் ரஹ்மான் கான். டாக்கா பக்கத்துல 1929-ல பிறந்து, ஸ்காலர்ஷிப்ல 1952-ல இல்லினாய் படிக்க வந்தவர். ஒம்போது சதுரக் குழாய்களை ஒரு கட்டாக் கட்டி நிறுத்தினா, ஒண்ணுக்கொண்ணு முட்டுக் குடுத்து காத்தைத் தாங்கும்ங்கறதுதான் அவரோட கணக்கு. டவர் பக்கத்துத் தெருவுக்கு அவர் பேரு வெச்சிருக்காங்க.

மிச்சிகன் அவென்யூல இன்னொரு பேர்ப்பலகை: சுவாமி விவேகானந்தா வே. 1893 செப்டம்பர் 11-ல அவர் பேசின கட்டடம்தான் இன்னிக்கு ஆர்ட் இன்ஸ்டிடியூட். அவரை அனுப்பி வைக்க, அளசிங்கப் பெருமாளும் நண்பர்களும் சென்னையில வீடு வீடா வசூல் பண்ணினாங்க. ஜூலையிலேயே வந்து சேர்ந்தவருக்கு, மாநாடு செப்டம்பர்லதான்னு அப்பத்தான் தெரிஞ்சது. கையில காசு கரைய, செலவு கம்மின்னு பாஸ்டன் பக்கம் போனார். திரும்பி சிகாகோ வந்தப்ப முகவரி தொலைஞ்சு, ஒரு ராத்திரி ரயில்வே யார்டுலதான் படுத்திருந்தார். பேச்சுக்கு விழுந்த கைத்தட்டல் உலகத்துக்கே தெரியும், இந்த ராத்திரி எத்தனை பேருக்குத் தெரியும்?

அந்தப் பலகைக்குக் கீழ நின்னுட்டிருந்தப்பதான் மெயில் வந்துச்சு. "இப்போதைக்கு இந்த வேலைக்கு ஆள் எடுக்கவில்லை." ரெண்டே வரி. 47-வது நாள்.

ராத்திரி ஒம்போது மணிக்கு மிச்சிகன் ஏரிக்கரைல உக்காந்தோம். பேருதான் ஏரி, பரப்பு தமிழ்நாட்டுல கிட்டத்தட்ட பாதி! மதுக்கரையில அப்ப காலைல ஏழரை. போனை எடுத்து அம்மாகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டான். காத்துச் சத்தத்துல ஸ்பீக்கர்ல போட்டாத்தான் கேட்டுச்சு. கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பேச்சே இல்ல. அப்புறம், "இத்தனை நாளா ஒத்தையாவா கண்ணு வெச்சுட்டிருந்தே? வந்துரு சாமி. கடனை இங்க இருந்தும் கட்டலாம். அப்பாகிட்ட நாஞ் சொல்லிக்கறேன்"னாங்க. போனை வைக்கறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி: "அந்த சிலையைப் பாத்தியா?" "பாத்துட்டேம்மா."

55-வது நாள் ஃப்ளைட் ஏறினான். இப்ப கோயமுத்தூர்ல ஒரு ஐ.டி. கம்பெனியில வேலை. சம்பளம் குறைவுதான், கடன் இன்னும் ஓடிட்டிருக்கு. "திரும்பப் போவியா?"ன்னா, "சான்ஸ் வந்தா போவேன். இந்தத் தடவை முதல் சனிக்கிழமையே ஃபெர்ரி"ங்கறான்.

நீங்க கிளம்பறப்ப...

* ஸ்டேட்டன் ஐலண்ட் ஃபெர்ரிக்கு ரோட்டுல டிக்கெட் விக்கறவங்களை நம்பாதீங்க. அது ஓசி!

* ஏர் அண்ட் ஸ்பேஸ் மியூசியம் இலவசம்தான். ஆனா நேரம் போட்ட பாஸை முன்கூட்டியே ஆன்லைன்ல எடுக்கணும்.

* சிகாகோவுல கல்ச்சுரல் சென்டருக்கும் லிங்கன் பார்க் மிருகக்காட்சி சாலைக்கும் கட்டணம் இல்ல.

* எம்.எஸ். போறீங்களா? விசா விதிகளை நீங்களே ஒரு தடவை முழுசாப் படிங்க. சீனியர் சொன்னதை மட்டும் நம்பிப் போகாதீங்க. வேலை போனா வீட்டுல சொல்லுங்க, முதல் நாளே!

* மாசத்துல ஒரு சனிக்கிழமையை ஊர் பாக்கன்னு ஒதுக்குங்க. அமெரிக்காவுக்கு மட்டுமில்ல, இங்கயும்தான். மதுக்கரைல தர்மலிங்கேஸ்வரர் மலை இருக்கு. ஏறினா ஒரு பக்கம் சிமென்ட் ஃபேக்டரி, இன்னொரு பக்கம் கணவாய், காது நிறைய காத்து. டிக்கெட் கிடையாது. இந்த வாரம் ஃப்ரீயா?