அமானிதமாக வந்த பவளம்



மத்ரஸாவில் ஃபிக்ஹு பாடம் நடத்தும்போது 'வதீஆ' என்னும் பகுதியை ஆண்டுதோறும் கடந்து செல்கிறேன். ஒருவர் தம் பொருளைப் பாதுகாத்துத் தருமாறு மற்றொருவரிடம் ஒப்படைப்பது பற்றிய சட்டங்கள் அவை. ஒப்படைத்த பொருள் தானாக அழிந்துபோனால் பொறுப்பேற்றவர் ஈடு தர வேண்டியதில்லை. அவர் வரம்பு மீறியிருந்தாலோ, கவனக்குறைவாக இருந்திருந்தாலோ ஈடு தர வேண்டும். இந்தச் சட்டத்தைப் பதினெட்டு ஆண்டுகளாக மாணவர்களுக்கு எளிதாகச் சொல்லிக் கொடுத்து வந்தேன். சென்ற ஆண்டு அது என்மீதே வந்து நின்றபோதுதான், 'கவனக்குறைவு' என்னும் சொல்லின் எடை எனக்கு விளங்கிற்று.

சிங்கப்பூரில் நாங்கள் குடியிருக்கும் வீவக அடுக்குமாடியில் எதிர்வீட்டுக்காரர் கீழக்கரையைச் சேர்ந்த ஒரு பெரியவர். கப்பல் பட்டறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். நாங்கள் எல்லாரும் அவரைக் காக்கா என்றே அழைப்போம். அவர் வீட்டுக் கூடத்தில் 200 லிட்டர் கொள்ளளவுள்ள கடல்நீர்த் தொட்டி ஒன்று உண்டு. இரண்டு கோமாளி மீன்களும் சில பவளங்களும் அதில் வாழ்ந்தன. அவற்றுள் அவருக்கு மிக விருப்பமானது 'டார்ச்' எனப்படும் பவளம். கிளைகளாகப் பிரிந்த வெண்சுண்ணாம்புத் தண்டுகள். ஒவ்வொரு தண்டின் உச்சியிலும் பொன்பச்சை நிறத்தில், நுனி ஒளிரும் விரல்களைப் போன்ற உணர்கொம்புகள். நீரோட்டத்தில் அவை அசையும்போது காற்றில் ஆடும் நாற்றங்கால் நினைவுக்கு வரும். அதற்கு அப்போது ஐந்து தலைகள் இருந்தன.

ஊரில் தாயார் படுக்கையில் விழுந்துவிட்டதாகச் செய்தி வந்ததும் காக்காவும் அவர் துணைவியாரும் புறப்பட்டார்கள். மூன்று மாதம் ஆகலாம் என்றார்கள். வீட்டுச் சாவியை என் கையில் கொடுத்து, வாசலில் நின்றபடியே தொட்டியைப் பற்றிக் காக்கா விளக்கினார். எனக்கோ அஸருக்குப் பிந்திய வகுப்புக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. "சரி காக்கா, சரி காக்கா" என்று தலையசைத்தேன். சொற்கள் காதில் விழுந்தன. மனம் பேருந்து நிறுத்தத்தில் இருந்தது.

சமையலறை ஓரத்தில் இரண்டு பீப்பாய்கள் இருந்தன. ஒன்று நீலம், மற்றொன்று வெள்ளை. நீலத்தில் வடிகட்டிய நன்னீர். வெள்ளையில் உப்பு கலந்து ஆயத்தமாக வைத்த கடல்நீர். இரு வாரத்துக்கு ஒருமுறை தொட்டி நீரில் ஒரு பகுதியை மாற்றுவதற்காக அவர் வைத்திருந்தது. தொட்டியின் மேல் விசிறி ஓடுவதால் நாள்தோறும் ஏறத்தாழ 2 லிட்டர் நீர் ஆவியாகிக் குறையும். குறைந்த அளவைக் கண்ணாடியில் ஒட்டிய கோடு வரை நிரப்ப வேண்டும் என்பது நினைவிருந்தது. எதிலிருந்து என்பது நினைவில்லை. கடல் உயிர்களுக்குக் கடல்நீர்தானே என்று எண்ணி, வெள்ளைப் பீப்பாயிலிருந்து ஊற்றி வந்தேன். மேசையின்மேல் அவர் கைப்பட எழுதிய குறிப்பேடு இருந்தது. அதை நான் திறக்கவில்லை.

பத்தாம் நாள் மாற்றம் தெரிந்தது. டார்ச்சின் உணர்கொம்புகள் முழுமையாக நீளவில்லை. தண்டின் விளிம்பைப் போர்த்தியிருந்த சதை உள்நோக்கிச் சுருங்கி, சுண்ணாம்புக் கிண்ணத்தின் கூரிய தகடுகள் வெள்ளையாக வெளியே தெரிந்தன. பவளம் வெளுப்பதும் பவளச் சதை பின்வாங்குவதும் வேறு வேறு என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். வெளுக்கும்போது சதை இருக்கும். அதனுள் வாழ்ந்து உணவளிக்கும் நுண்பாசிகள்தாம் நீங்கிப்போகும். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல் சூடேறியபோது சிங்கப்பூரின் தென்தீவுகளைச் சுற்றியும் அப்படி நேர்ந்தது. பின்வாங்கும்போதோ சதையே எலும்பை விட்டு விலகி மடிகிறது. மடிந்த இடத்தில் வேண்டாத பாசி பற்றிக்கொண்டு எஞ்சிய சதையையும் நெருக்கும்.

நான் அப்போது செய்தவை எல்லாம் பதற்றத்தில் செய்தவை. வெளிச்சம் போதவில்லையோ என்று விளக்கைக் கூட்டினேன். பசியோ என்று மீன் உணவை அதிகம் தூவினேன். கடைக்காரர் ஒருவர், நீரின் நிலையைப் பற்றி ஒரு வார்த்தையும் கேளாமல், ஒரு குப்பியை விற்றார், அதையும் ஊற்றினேன். நான்கு நாள் இப்படிக் கழிந்தன. நோயாளித் தாயின் அருகில் இருப்பவரைத் தொந்தரவு செய்யலாகாது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் என்னைத் தடுத்தது வெட்கம். 'ஆலிம்' என்று மதிப்பவரிடம் 'உங்கள் பொருளைக் கெடுத்துவிட்டேன்' என்று சொல்ல நாக்கு எழவில்லை.

பதினான்காம் நாள் மஃரிபுக்குப் பின் தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்வி.

"எந்தப் பீப்பாயிலிருந்து ஊற்றுகிறீர்கள், தம்பி?"

"வெள்ளைப் பீப்பாயிலிருந்து, காக்கா."

சற்று நேரம் அவர் பேசவில்லை. பிறகு, மேசை இழுப்பறையில் ரிஃப்ராக்டோமீட்டர் இருப்பதாகவும், தொட்டி நீரில் ஒரு சொட்டை அதன் கண்ணாடியில் இட்டு வெளிச்சத்தை நோக்கிப் பார்க்குமாறும் கூறினார். ஆயிரத்துக்கு 35 இருக்க வேண்டிய உப்பு 40ஐத் தொட்டிருந்தது.

கணக்கு மிக எளியது. ஆவியாகிப் போவது நீர் மட்டுமே. உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். 200 லிட்டரில் ஏறத்தாழ 7,000 கிராம் உப்பு. அதில் நான் நாள்தோறும் 70 கிராம் சேர்த்திருக்கிறேன். பதினான்கு நாளில் ஏறத்தாழ ஒரு கிலோ. உளூவுக்கு எவ்வளவு நீர் போதும் என்று பிள்ளைகளுக்கு அளந்து காட்டும் நான், இதை எண்ணிப் பார்க்கவில்லை.

"இன்றே 35க்குக் கொண்டுவர முயலாதீர்கள்" என்றார் காக்கா. செங்கடலின் வடபகுதியில் உப்பு 40 அளவில்தான் இருக்கிறது. அங்கும் பவளங்கள் செழித்து வாழ்கின்றன. அந்த நீரிலேயே தலைமுறை தலைமுறையாகப் பழகியவை அவை. பழகாத உயிருக்கு அந்த உயர்வும் துன்பம், திடீர் இறக்கமும் துன்பம். ஆகவே நாளொன்றுக்கு 4 லிட்டர் தொட்டி நீரை எடுத்துவிட்டு அதே அளவு நன்னீரை மெல்ல விடுவது, ஆவியாகும் நீரையும் நீலப் பீப்பாயிலிருந்தே ஈடு செய்வது என்று முடிவாயிற்று. ஒரு வாரத்தில் உப்பு 35க்கு வந்தது. விளக்கைப் பழைய அளவுக்கும் கீழே இறக்கினேன். உணவைக் குறைத்தேன். நீரோட்டம் நேராகப் பவளத்தின்மேல் மோதாதபடி பம்பைத் திருப்பினேன். ஓட்டம் வலுத்தால் தளர்ந்த சதை கூரிய தகடுகளில் உரசிக் கிழியும். மருந்துக் குப்பியைத் தூக்கி எறிந்தேன்.

அந்த வாரத்தின் நடுவில் இன்னொரு சோதனை வந்தது. ஒரு தலையின்மேல் பழுப்பு நிறக் கூழ் படிந்தது. பலவீனமுற்ற டார்ச் வகைப் பவளங்களை ஓரிரு நாளில் அழித்து, அடுத்த தலைக்கும் தாவக்கூடிய நோய் இது. படத்தை அனுப்பியதும் காக்கா உடனே அழைத்தார். பவளத்தைத் தூக்கினால் கூழ் தொட்டியெங்கும் பரவிவிடும். ஆகவே முதலில் மெல்லிய குழாயால் அதை உறிஞ்சி வெளியேற்றச் சொன்னார். பிறகு கையுறை அணிந்து பவளத்தை வெளியே எடுத்து, நோயுற்ற கிளையைச் சதையைத் தொடாமல் தண்டின் அடிப்பகுதியில் வெட்டுக்கத்தரியால் நறுக்கினேன். அழுகிய நாற்றம் மூக்கைத் துளைத்தது. எஞ்சியவற்றைத் தொட்டி நீரிலேயே அயோடின் கரைசல் கலந்து, குப்பியில் குறித்திருந்த அளவும் நேரமும் தவறாமல் அமிழ்த்தி எடுத்து, வேறு நீரில் அலசித் திரும்ப வைத்தேன். என் கைகள் நடுங்கின. கல் என்று நினைத்திருந்த ஒன்றை நறுக்கும்போது, அது உயிர் என்பதைக் கை அறிந்தது.

அர்ரஹ்மான் அத்தியாயத்தில் முத்தோடு சேர்த்து 'மர்ஜான்' கூறப்படுகிறது. அது சிறு முத்து என்போரும் பவளம் என்போரும் விரிவுரையாளர்களில் உண்டு. அணிகலனாகும் செம்பவளம் வேறு வகை. பாறைத்திட்டுகளை எழுப்பும் இந்தப் பவளம் வேறு வகை. இவ்விளக்கங்களை எல்லாம் வகுப்பில் ஒப்பித்திருக்கிறேன். ஓர் உயிருள்ள பவளத்தின் முன் அமர்ந்து ஒரு நாளும் பார்த்ததில்லை.

அதன்பின் புதிதாக எதையும் செய்யாமல் இருப்பதே சிகிச்சையாயிற்று. நாள்தோறும் பஜ்ருக்குப் பின் உப்பளவு, வெப்பநிலை. வாரம் இருமுறை காரத்தன்மை. அதை 8 முதல் 9 டிகேஎச் அளவில் ஏற்ற இறக்கமின்றி வைத்திருக்குமாறு குறிப்பேட்டில் எழுதியிருந்தது. எல்லாவற்றையும் தேதியிட்டு எழுதினேன். இன்னொரு தலை மெல்லச் சுருங்கி மடிந்தது. அதைக் காப்பாற்ற முடியவில்லை. மற்ற மூன்றும் அப்படியே நின்றன. ஐந்தாம் வாரம் ஒரு காலை, மூன்று தலைகளிலும் உணர்கொம்புகள் நீண்டு அசைவதைக் கண்டேன். அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்விட்டுச் சொன்னேன்.

தாயார் ஓரளவு தேறியதும் காக்கா திரும்பி வந்தார். ஐந்து தலைகளுடைய அந்தப் பவளத்துக்கு அவர் கொடுத்த விலையைக் கேட்டு, இழந்த இரண்டு தலைகளின் மதிப்பை ஓர் உறையில் இட்டு எடுத்துச் சென்றேன். தெரியாமல் செய்ததுதானே என்று என் மனைவி கேட்டாள். தெரியாமைக்குச் சலுகை உண்டு. ஆனால் தெரிந்துகொள்ளும் வழி மேசைமேல் விரித்தால் படிக்கும்படி இருந்தது; தொலைபேசியும் என் சட்டைப்பையில் இருந்தது. இதைக் கவனக்குறைவு என்றுதான் மாணவர்களுக்குச் சொல்வேன். எனக்கு மட்டும் வேறு சொல் தேட முடியாது.

காக்கா உறையைப் பிரித்து எண்ணினார். பாதியை எடுத்துக்கொண்டு பாதியைத் திருப்பித் தந்தார். "அவசரத்தில் இருந்தவரிடம் வாசலில் நிறுத்திச் சொன்னது என் தவறு. பீப்பாயில் பெயர் எழுதி ஒட்டாததும் என் தவறு. ஆகையால் பாதி என்னுடையது" என்றார். முழுவதையும் மறுத்திருந்தால் நான் என்றும் கடன்பட்டவனாகவே அவர் முன் நின்றிருப்பேன். அதை அறிந்தே அவர் பாதியை எடுத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

அன்றிரவு தேநீர் அருந்தியபடி தம் சிறுவயதைச் சொன்னார். மன்னார் வளைகுடாத் தீவுகளிலிருந்து படகு படகாகப் பவளக் கற்கள் கரைக்கு வந்த காலம் அது. வீடு கட்டவும் சுண்ணாம்பு சுடவும் அவை போயின. 1986ஆம் ஆண்டு அங்குள்ள 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்காவாயின. கல் எடுத்ததாலும் அரிப்பாலும் அவற்றுள் இரண்டு தீவுகள் பின்னாளில் நீருள் மூழ்கிவிட்டன. "நாங்களும் கல் என்றுதான் நினைத்தோம், தம்பி" என்றார்.

இப்போது இரண்டு பீப்பாய்களிலும் பெரிய எழுத்தில் பெயர் ஒட்டியிருக்கிறது. 'வதீஆ' பாடத்தில் நானும் ஒரு பழக்கத்தைச் சேர்த்துள்ளேன். பொருளைப் பெற்றுக்கொள்ளும் மாணவன், கொடுத்தவர் சொன்னதைத் தன் வாயால் திருப்பிச் சொல்லிக் காட்ட வேண்டும். யாரேனும் உங்களிடம் ஒரு சாவியைத் தந்தால், பேருந்து போனாலும் போகட்டும். நின்று முழுவதையும் கேளுங்கள். ஏதேனும் பிழை நேர்ந்தால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். நான் மௌனமாக இருந்த அந்த நான்கு நாளில் 280 கிராம் உப்பு கூடிற்று.

நம்மிடம் ஒப்படைக்கப்பட்டவற்றைப் பேணும் கவனத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தருவானாக. வஸ்ஸலாம்.