ஹார்ட் டிஸ்க் பெட்டிக்கு எந்த விளக்கு?

சனி, இரவு

பழைய லேப்டாப்பிலிருந்து கழற்றிய ஹார்ட் டிஸ்க்கை யுஎஸ்பி போர்டில் செருகி, மரத்திலோ அக்ரிலிக்கிலோ பெட்டி செய்து மூடுபவர்கள் பெரும்பாலும் கரன்ட் வருவதைக் காட்டும் விளக்கோடு நின்றுவிடுகிறார்கள். என் கணக்கில் அது ஏறக்குறைய வீண். கரன்ட் வருகிறதா என்பதைத் தட்டு சுழலும் அதிர்வே சொல்லிவிடும். டிஸ்க் இந்த நொடியில் எழுதுகிறதா, சும்மா இருக்கிறதா என்பதுதான் தெரிய வேண்டும்; அதைக் காட்டும் இயக்க விளக்குதான் தேவை. திரையில் காப்பி முடிந்தது என்று வந்தாலும் வேலை முடிந்திருக்காது. லினக்ஸில் எழுத வேண்டியது முதலில் ரேமில் தங்கும். வழக்கமான அமைப்பில் அது 30 வினாடி வரைகூடக் காத்திருந்துவிட்டுத்தான் டிஸ்க்குக்குப் போகும். அந்த நேரத்தில் கேபிளைப் பிடுங்கினால் கோப்பு பாதியில் நிற்கும். 'பாதுகாப்பாக அகற்று' என்ற வசதி இருக்கும்போது விளக்கு எதற்கு என்று கேட்கலாம். அந்த வசதிக்கு மாற்றாக விளக்கை நான் சொல்லவில்லை. விளக்கு எரிந்தால் பிடுங்காதே என்று பொருள். அணைந்தால் பிடுங்கலாம் என்று பொருளே அல்ல, ஏனென்றால் ரேமில் காத்திருப்பதை அது அறியாது. ஒரு பக்கச் சாட்சிதான், ஆனால் அந்தப் பக்கத்தில் நம்பலாம். டிஸ்க்கை அகற்ற முடியாது, பயன்பாட்டில் இருக்கிறது என்று கணினி அடம்பிடிக்கும்போது, உண்மையிலேயே ஏதோ ஓடுகிறதா, எந்த நிரலாவது கோப்பை மூடாமல் வைத்திருக்கிறதா என்று ஊகிக்கவும் இந்த விளக்குதான் உதவும்.

ஞாயிறு, காலை

அந்தச் சாட்சியை எங்கிருந்து எடுப்பது? பழைய ஐடிஇ டிஸ்க்குகளில் 39ஆம் பின்னிலேயே இயக்கச் சைகை கிடைத்தது. சாட்டாவில் அது 15 பின் பவர் இணைப்பின் 11ஆம் பின்னுக்கு வந்தது; டிஸ்க் வேலை செய்யும்போது அந்தப் பின் கிரவுண்டுக்கு இழுக்கப்படும். படிக்க எளிதாகத் தோன்றுகிறது, ஆனால் இரண்டு சிக்கல். அதே பின் டிஸ்க் எப்போது சுழலத் தொடங்க வேண்டும் என்பதற்கும் பயன்படுவதால், சில போர்டுகள் அதைப் பக்கத்திலுள்ள 10, 12ஆம் கிரவுண்ட் பின்களோடே சேர்த்துவிடுகின்றன. அங்கே சைகை கிடைக்காது. மேலும் அந்தப் பின் மிகச் சிறிய மின்னோட்டத்துக்கானது. எல்இடியை நேரே மாட்டினாலும் எரிகிறதே என்பார்கள். எரியலாம், டிஸ்க்குக்குள் இருக்கும் சிப்பை அதற்காகச் சோதித்துப் பார்ப்பது புத்திசாலித்தனம் இல்லை. இடையில் ஒரு டிரான்சிஸ்டர் வேண்டும். யுஎஸ்பி போர்டின் சிப்பிலேயே எல்இடிக்கு இடம் விட்டிருந்தால் அதில் சால்டர் செய்வது சுலபம். அந்த இடம் 3.3 வோல்ட்டில் ஓடினால், சிவப்பு எல்இடி சுமார் 2 வோல்ட் எடுத்துக்கொள்ளும், மீதி 1.3 வோல்ட்டுக்கு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டால் 1.3 மில்லி ஆம்பியர். இக்கால எல்இடிக்கு அது போதும், கண்ணும் கூசாது. இரவில் சிமிட்டிக்கொண்டே இருக்கும் என்ற புகாருக்கும் ரெசிஸ்டரைக் கூட்டுவதே மருந்து. நீலத்துக்குச் சுமார் 3 வோல்ட் வேண்டும் என்பதால் இங்கே அது மங்கும். கடையில் அழகாகத் தெரிகிறது என்று அதை வாங்குவதில் பயனில்லை.

எளிது என்றாலும் போர்டு விளக்கு சொல்வது போர்டின் கதையை. 11ஆம் பின் சொல்வது டிஸ்க்கின் கதையை. காப்பி நடுவில் நின்றுவிடும்போது இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். 11ஆம் பின் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால், டிஸ்க் பழுதான செக்டரைத் திரும்பத் திரும்பப் படிக்க முயல்கிறது என்று சந்தேகிக்கலாம். அப்படியானால் முதலில் முக்கியமானவற்றை வேறிடத்துக்கு மாற்ற வேண்டும். அணைந்தே கிடந்தால் கேபிளையும் போர்டையும் பார்க்கலாம். காதை வைத்தால் சத்தம் கேட்குமே என்பவர்களுக்கு, பெட்டிக்குள் எஸ்எஸ்டி இருந்தால் கேட்க ஒன்றுமில்லை. பெட்டியில் ஒரே ஒரு துளைக்குத்தான் இடம் என்றால் கரன்ட் விளக்கை விட்டுவிட்டு இயக்க விளக்கை வையுங்கள். துளையிடும் முன், கரன்ட் இல்லாத போர்டில் 11ஆம் பின்னையும் 12ஆம் பின்னையும் மல்டிமீட்டரால் தொட்டுப் பாருங்கள். பீப் என்று ஒலித்தால் போர்டிலுள்ள இடமே கதி.